பிக்கப்புக்கு எந்த ரயர்? ஒன்ராறியோவில் 12 பனிக்காலம் ஓடிப் பார்த்த கணக்கு

2017 தை மாதம், விடிய ஐந்தரை மணி. ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சற்றே பள்ளமாக இறங்கும் ஒரு றோட்டின் முடிவில் ஸ்டொப் பலகை. வேகம் முப்பது கூட இருக்காது. பிறேக்கை மிதித்தேன். சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். காலுக்குக் கீழே கடகடவென்று அடித்தது, வண்டி நிற்கவில்லை. பலகையைத் தாண்டி, சந்தியின் நடுவைத் தாண்டி, எதிர்ப்பக்க நடைபாதை விளிம்பில் முன் சில்லு முட்டித்தான் நின்றது. நல்ல காலம், குறுக்கே யாரும் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் அந்தச் சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருப்பார்கள்.

வண்டி 2012 ரொயோட்டா ரகோமா. நான்கு சில்லும் இழுக்கும் வகை. ரயர் ஓல்-சீசன், அதற்கு அது நாலாவது பனிக்காலம். அன்று பின்னேரம் தவாளிப்பின் ஆழத்தை அளந்து பார்த்தேன். ஐந்தரை மில்லிமீற்றர் இருந்தது. ஒன்ராறியோச் சட்டம் கேட்பது 1.5 மில்லிமீற்றர்தான். சட்டத்தின் கணக்கில் அந்த ரயருக்கு இன்னும் பாதி ஆயுள் மிச்சம். பனியில் அது ஏற்கெனவே முடிந்துவிட்டது.

வீடு திருத்தும் வேலை எனக்கு. தரைக்கல், சுவர்ப்பலகை, குளியலறை. வருடத்துக்கு ஏறக்குறைய 18,000 கிலோமீற்றர் ஓடுகிறேன். பாதி நாள் வண்டியின் பின்பெட்டி நிரம்பி இருக்கும், மீதி நாள் வெறும் பெட்டி. 2013இல் இந்த வண்டியை வாங்கியதிலிருந்து மூன்று விதமாகவும் ஓடிப் பார்த்துவிட்டேன்: முதல் நாலு பனிக்காலம் ஓல்-சீசன், அடுத்த நாலு ஓல்-வெதர் (வருடம் முழுவதும் கழற்றாமல் ஓடலாம், ஆனால் பனிக்கும் சோதித்த ரயர்), 2021 இலையுதிர் காலத்திலிருந்து கோடைக்கு ஒரு செற், பனிக்கு ஒரு செற். ரயர் மாற்றும் நேரம் வந்து எதை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். ஓல்-சீசன் என்றால் நாலு பருவத்துக்கும் போதும் என்று நினைத்துத்தான் நான் வாங்கினேன். அந்தப் பெயர் 1977இல் குட்இயர் நிறுவனம் ரியெம்போ என்ற ரயரை விற்கத் தொடங்கியதிலிருந்து வட அமெரிக்காவில் பரவியது. அதற்கு முன் பனி விழும் ஊர்களில் குளிருக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர் என்று மாற்றுவார்கள். மாற்றும் தொல்லை இல்லாத ரயர் என்பதால் சனம் அதை விரும்பி எடுத்தது. ஆனால் அந்த ரயர்களின் பக்கவாட்டில் இருக்கும் எம்+எஸ் என்ற குறி, அதாவது சேறும் பனியும் என்ற குறி, பனியில் ஓட்டிச் சோதித்துக் கொடுக்கப்படும் குறி அல்ல. ரயரின் முகத்தில் காற்பங்கு அளவுக்குத் தவாளிப்பாக இருக்க வேண்டும், அவை விளிம்புவரை ஓடவேண்டும். இப்படி வடிவத்தை வைத்து வரும் குறி அது. றப்பர் எப்படிப்பட்டது என்று அது ஒன்றும் சொல்லாது.

1999இல் வந்த இன்னொரு குறி இருக்கிறது. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இந்தக் குறி வேண்டுமென்றால் இறுகிய பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் பொது ரயரைவிடக் குறைந்தது பத்து வீதம் கூடுதலான பிடி காட்ட வேண்டும். வின்ரர் ரயரிலும் இந்தக் குறி இருக்கும், ஓல்-வெதர் ரயரிலும் இருக்கும். சாதாரண ஓல்-சீசனில் இருக்காது. கியூபெக்கில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை அங்கு பதிவான வண்டிகளுக்கு இந்தக் குறி உள்ள ரயர் கட்டாயம், மீறினால் 200 முதல் 300 டொலர்வரை தண்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. அதனால்தான் நாங்கள் இங்கே தள்ளிப்போடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சோதனை வண்டி பனியில் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பார்க்கிறது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே மலைக்குறி இருக்கிற இரண்டு ரயரும் ஒன்றல்ல. இதை நான் ஓல்-வெதர் வைத்திருந்த காலத்தில் உணர்ந்தேன், பிறகு சொல்கிறேன்.

உண்மையான வித்தியாசம் றப்பரில் இருக்கிறது. ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே போனால் ஓல்-சீசன் றப்பர் இறுகத் தொடங்கும். மைனஸ் 15 பாகையில் வண்டி வெளியே நிற்கும் ஒரு காலையில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பெருவிரல் நகத்தால் ரயரின் முகத்தை அழுத்திப் பாருங்கள். என் பழைய ஓல்-சீசன் பலகை மாதிரி இருந்தது, நகம் இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வின்ரர் ரயர், அதில் நகம் பதிந்து வந்தது. அந்த மெதுமைதான் றோட்டின் சிறு மேடுபள்ளங்களைப் பற்றிப் பிடிக்கிறது. அதோடு வின்ரர் ரயர் முகத்தின் ஒவ்வொரு றப்பர்க் கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியான கீறல்கள் நிறைய இருக்கும். வண்டி உருளும்போது அவை திறந்து பனியைக் கவ்வும். ஓல்-சீசனிலும் கீறல்கள் உண்டு, ஆனால் குறைவு. என் ரயரில் அவை அடிவரை போகவில்லை. மூன்றாவது பனிக்காலம் முடிய முக்கால்வாசிக் கீறல் மறைந்துவிட்டது. தவாளிப்பு ஐந்தரை மில்லிமீற்றர் இருந்தும் அன்று வண்டி சறுக்கியதன் காரணம் இதுதான்: றப்பர் இறுகிவிட்டது, கீறல்கள் தேய்ந்துவிட்டன.

பிக்கப் வண்டிக்கு இது காரைவிடக் கூடிய பிரச்சினை. காரில் எஞ்சின் முன்னால், இழுப்பதும் பெரும்பாலும் முன் சில்லு, பாரம் இழுக்கும் சில்லின் மேலேயே இருக்கிறது. பிக்கப்பில் எஞ்சின் முன்னால், தள்ளுவது பின் சில்லு. பின்பெட்டி வெறுமையாக இருந்தால் அந்தச் சில்லுகளின் மேல் பாரம் குறைவு.

நாலு சில்லும் இழுக்குமே என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ரகோமாவின் நாலு சில்லு ஓட்டம் முன்னையும் பின்னையும் ஒன்றாகப் பூட்டிவிடும் வகை. காய்ந்த றோட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. 401 நெடுஞ்சாலை தை மாதத்தில் எப்படி இருக்கும்? உப்புப் போட்டுக் காய்ந்து கிடக்கும், பாலத்துக்கு மேலே மட்டும் கறுப்பு ஐஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ், இருக்கும். அங்கே நீங்கள் பின் சில்லு ஓட்டத்தில்தான் போகிறீர்கள். அதைவிட முக்கியம், நாலு சில்லு ஓட்டம் புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. எல்லா வண்டிக்கும் பிறேக் நாலு சில்லிலும் இருக்கிறது. நிற்பாட்டுவது ரயர். நன்றாகப் புறப்பட்ட தைரியத்தில் வேகமாகப் போய், நிற்க முடியாமல் பள்ளத்தில் கிடக்கும் பிக்கப்புகளை 400 நெடுஞ்சாலையில் பாரி நகரத்துக்கு வடக்கே ஒவ்வொரு பனிக்காலமும் பார்க்கிறேன். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிச்சுருள் அங்கே கால் மணித்தியாலத்தில் றோட்டை மூடிவிடும்.

சரி, மூன்று வழிகளுக்கும் வருவோம்.

ஓல்-சீசனைக் குறை சொல்வதற்கு மட்டும் நான் எழுதவில்லை. சித்திரை முதல் கார்த்திகை நடுப்பகுதிவரை அதைவிடப் பொருத்தமான ரயர் இந்த வண்டிக்கு இல்லை. சத்தம் இல்லை, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், மழையில் நல்ல பிடி, பாரம் ஏற்றினாலும் ஆட்டமில்லை. பிக்கப்புக்கு வரும் நல்ல ஓல்-சீசன்களுக்கு ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு மேலேயே உத்தரவாதம் கொடுக்கிறார்கள். என்னுடையது 54,000 ஓடியபோது ஒன்பதரையிலிருந்து ஆறு மில்லிமீற்றருக்குத்தான் வந்திருந்தது, அந்தக் கணக்கில் 120,000 வரை போயிருக்கும். முதல் இரண்டு பனிக்காலமும் பெரிய தொல்லை தரவில்லை. மூன்றாவதில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கியது. நாலாவதில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

இங்கேதான் விலை ஒப்பிடும்போது எல்லோரும் தவறுகிறோம். கடையில் உத்தரவாதக் கிலோமீற்றரைப் பார்க்கிறோம். நாம் பார்க்க வேண்டியது பனியில் நம்பக்கூடிய கிலோமீற்றர். கனடாப் போக்குவரத்துத் திணைக்களம் 4 மில்லிமீற்றருக்குக் கீழே போன ரயரைப் பனி மூடிய றோட்டில் பாவிக்க வேண்டாம் என்கிறது. ஓல்-சீசனுக்கு அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பது என் அனுபவம். ஒரு லட்சத்துக்கு விற்ற ரயரில் எனக்குப் பனிக்காலத்துக்கு உதவியது அரைவாசி.

மார்க்கம் றோட்டில் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணை அப்போது சொன்னார்: “தம்பி, கடைசி நாலு மில்லிமீற்றரையும் வெயிலுக்கை ஓடி முடிச்சுப்போடும். பனிக்கை கொண்டு போகாதேயும்.” அதன்படியே அந்த ரயர்களை 2017 கோடைவரை ஓடி, இலையுதிர் காலத்தில் கழற்றினேன்.

அடுத்து எடுத்தது ஓல்-வெதர். காருக்கு இந்த வகையில் நிறையத் தெரிவு இருக்கிறது. நோக்கியன் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். வரிசை, ரோயோவின் செல்சியஸ், மிஷெலினின் குறொஸ்கிளைமற் என்று அடுக்கலாம். என் வண்டியின் 245/75 ஆர்16 அளவில் அப்போது தேடி எடுக்க இரண்டு கிழமை பிடித்தது. பிக்கப் அளவுகளில் தெரிவு குறைவு என்பதை முதலே தெரிந்துகொண்டு ஐப்பசிக்கு முன்னரே கேட்டு வையுங்கள்.

போட்ட முதல் பனிக்காலமே வித்தியாசம் தெரிந்தது. புதிதாக விழுந்த பனியில், பனியைத் தள்ளும் உழவண்டி வருவதற்கு முன் எங்கள் தெருவிலிருந்து வெளியேறுவது பயமில்லாமல் நடந்தது. கஞ்சிபோல இளகிய பனியிலும் வண்டி நேராகப் போனது. அந்தப் பள்ளச் சந்தியிலும் ஒவ்வொரு காலையும் ஒழுங்காக நின்றது. நாலு வருடம் மாற்றும் வேலையே இல்லை, இது சின்ன விடயமில்லை. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தோடு அடுக்குமாடியில் இருப்பவருக்கு இன்னொரு நாலு ரயரை வைக்க இடம் எங்கே?

குறை இரண்டு கண்டேன். ஆடி, ஆவணி வெயிலில் பாரம் ஏற்றி ஓடும்போது றப்பர் சற்று மெத்தென்று இருக்கும், தேய்வும் கூட. ஓல்-சீசனில் ஒரு மில்லிமீற்றர் தேய 15,000 கிலோமீற்றர் எடுத்தது, இதில் 13,000. மற்றது ஐஸ். 2019 மாசியில் உறைமழை பெய்த மறுநாள் ஒஷாவாவில் ஒரு வீட்டு ட்றைவ்வேயில் வண்டியை நிற்பாட்டி, பார்க்கிங் பிறேக் போட்டு இறங்கினேன். மெல்லிய சரிவுதான். கதவைச் சாத்திய சத்தத்தோடு வண்டி ஓரடி பின்னால் நகர்ந்தது. பின்பெட்டி வெறுமை, பார்க்கிங் பிறேக் பிடிப்பதும் பின் சில்லை. பனியில் நம்பிய ரயர் ஐஸில் அப்படி நடந்துகொண்டது. வின்ரர் ரயரும் ஐஸில் சறுக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அதே வீட்டு ட்றைவ்வேயில் பின்னர் வின்ரர் ரயரோடு நிற்பாட்டியிருக்கிறேன், அசையவில்லை.

2021இல் ஓல்-வெதர் 72,000 கிலோமீற்றரில் 4 மில்லிமீற்றருக்கு வந்தது. இந்த முறை வின்ரர் ரயரைத் தனியாக, இரும்பு றிம்மில் ஏற்றி எடுத்தேன். கோடைக்கு ஓல்-சீசன். உலகத்தில் முதல் வந்த வின்ரர் ரயரே லொறிக்காகச் செய்யப்பட்டதுதான். 1934இல் பின்லாந்தில் இன்றைய நோக்கியனின் முன்னோடி நிறுவனம் செய்தது. பின்னால் பாரமில்லாமல் திரும்பும் வண்டியின் கஷ்டம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நாலு பனிக்காலம் ஓடிவிட்டேன். பத்து மில்லிமீற்றரில் வாங்கியது இப்போது ஏழில் நிற்கிறது, இன்னும் இரண்டு பனிக்காலம் தாராளமாகப் போகும். மைனஸ் 12 பாகைக்குக் கீழே வீதி உப்பு சரியாக வேலை செய்யாது. அந்த நாட்களில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. முன்னால் போகும் வண்டி தடுமாறும் இடத்தில் இது சாதாரணமாகத் திரும்புகிறது. காய்ந்த நெடுஞ்சாலையில் ஸ்ரேறிங் கொஞ்சம் தளர்வாக இருக்கும், இரைச்சலும் உண்டு. அதற்குப் பழகிவிடலாம்.

காசுக் கணக்கு இப்படி. நான் கொடுத்த விலைகள், பூட்டுக்கூலியோடு: ஓல்-சீசன் 1,000 டொலர், ஓல்-வெதர் 1,200, வின்ரர் 1,080, இரும்பு றிம் நாலும் 320. ஓல்-சீசனை மூன்று பனிக்காலத்தோடு மாற்றினால் வருடத்துக்கு 333 டொலர். தேய்ந்து முடியும்வரை ஓடினால் 150 அளவில் வரும், ஆனால் அதில் பாதிப் பனிக்காலங்கள் நான் அந்தச் சந்தியில் சறுக்கிய மாதிரியான பனிக்காலங்கள். ஓல்-வெதர் நாலு வருடம், வருடத்துக்கு 300. இரண்டு செற் என்றால் ஒவ்வொன்றும் பாதிக் காலம்தான் தேய்கிறது. கோடை ரயர் எட்டு வருடம் போகும், 125. வின்ரர் ஆறு வருடம், 180. றிம்மைப் பத்து வருடத்தில் பிரித்தால் 32. மொத்தம் 337. கடையில் வருடம் இரண்டு தரம் மாற்றக் கொடுத்தால் இன்னொரு 140 சேரும். நான் வீட்டிலேயே மாற்றுகிறேன்.

காப்புறுதியையும் சேர்த்துப் பாருங்கள். 2016 தை முதலாம் திகதியிலிருந்து ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்கவேண்டும் என்பது விதி. எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்டால்தான் தருவார்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஓல்-வெதருக்கும் தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ரொறன்ரோப் பக்கம் நாம் கட்டும் காப்புறுதிக்குச் சிறிய வீதக் கழிவே ரயர் மாற்றும் கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

ஆக, மூன்றுக்கும் இடையில் விலை வித்தியாசம் நாங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆரம்பத்தில் ஒரேயடியாக 2,400 டொலர் கொடுப்பதுதான் கனக்கிறது.

ஓல்-ரெறெயின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முரட்டுக் கட்டை போட்ட ரயர், பிக்கப்புக்கு வடிவாக இருக்கும். பால்கன் வைல்ட்பீக் ஏரி3டபிள்யூ, பி.எவ். குட்றிச் கே.ஓ.2 போன்றவற்றில் மலைக்குறியும் உண்டு. காணித்துண்டு, சல்லி றோட்டு, வேட்டைக் குடில் என்று போகிறவர் எடுக்கலாம். நகரத்துக்குள் ஓடுகிறவருக்கு இரைச்சலும் எண்ணெய்ச் செலவும்தான் மிஞ்சும். பெரிய கட்டைகளில் கீறல் குறைவு என்பதால் ஐஸில் அது வின்ரர் ரயருக்கு ஈடாகாது.

எல்.ரி. வகை, அதாவது சிறு லொறிக்கான ரயர், எடுப்பதா என்ற கேள்விக்கு உங்கள் பாரம்தான் பதில். என் வண்டிக்கு வந்த பி வகை (காருக்கான வகை) ரயரின் பாரச் சுட்டி 109, அதாவது ஒரு ரயருக்கு 1,030 கிலோ. பிக்கப்பில் போடும்போது அதை 1.1ஆல் வகுக்க வேண்டும், 936 கிலோ. வாரத்தில் இரண்டு நாள் சீமெந்துப் பை ஏற்றும் எனக்கு அது போதும். தினமும் பெட்டி நிறைய ஏற்றி, இழுவைப் பெட்டியும் கொழுவுகிறவர் எல்.ரி. எடுக்கட்டும். அது பாரம் கூடிய, விறைப்பான ரயர். காற்றும் கூட அடிக்க வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பி ரயருக்கு எழுதிய காற்றை அப்படியே இதற்கு அடித்தால் அதே பாரத்தை இது தாங்காது.

காற்று என்றதும் ஒன்று. வெப்பநிலை ஏறக்குறைய ஐந்தரைப் பாகை இறங்க ரயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். புரட்டாதியில் 20 பாகையில் அடித்த காற்று மைனஸ் 15க்கு வரும்போது ஆறு குறைந்திருக்கும். மாதம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள்.

மண் மூட்டையும் எந்த ரயர் போட்டாலும் வேண்டும். முப்பது கிலோ மூட்டை நாலு, பின் அச்சுக்கு நேர் மேலே, சில்லு மேடைகளுக்கு நடுவே, பட்டியால் கட்டி. பெட்டியின் பின்கதவுப் பக்கம் தள்ளி வைத்தால் முன்பக்கம் இலேசாகி ஸ்ரேறிங் பிடிக்காது. மாட்டிக்கொண்டால் அதே மண்ணைச் சில்லுக்குக் கீழே கொட்டலாம்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால், முதலில் எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்பேன். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் என்று உப்புப் போட்ட றோட்டிலேயே ஓடி, பெரும் பனி நாளில் வீட்டில் நிற்கக்கூடியவர் என்றால் ஓல்-வெதர் எடுங்கள், நாலு பனிக்காலத்தோடு மாற்றுங்கள். விடியற்காலையில் எந்த நாளானாலும் புறப்படவேண்டியவர், பாரிப் பக்கம் போகிறவர், அல்லது பின் சில்லு மட்டும் இழுக்கும் பிக்கப் வைத்திருப்பவர் என்றால் தனி வின்ரர் ரயர்தான். இந்த மூன்றாமவருக்கு நான் மாற்று யோசனையே சொல்லமாட்டேன். ஓல்-சீசனை மட்டும் வைத்துப் பனிக்காலத்தைக் கடத்த நினைப்பவரிடம் ஒரு ரூனிக் காசை, அதாவது கரடி உருவம் உள்ள இரண்டு டொலர் காசை, ரயரின் தவாளிப்பில் விட்டுப் பார்க்கச் சொல்வேன். கரடியின் பாதம் மறைந்தால் ரயர் புதிது. வெள்ளி வளையம் மட்டும் மறைந்தால் பாதி தேய்ந்துவிட்டது, ஓல்-சீசனுக்கு அடுத்த பனிக்காலம் கிடையாது.

பழைய செற் ஒன்றைக் குறைந்த விலைக்கு யாராவது தந்தால் தவாளிப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கவாட்டில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம், 3218 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது கிழமையில் செய்தது. ஆறு வருடம் கடந்த வின்ரர் ரயர் எவ்வளவு ஆழமிருந்தாலும் நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் மாற்றுவது கார்த்திகை முதல் வாரம், வெளியே 7 பாகைக்குக் கீழே தொடர்ந்து போகத் தொடங்கும்போது. கழற்றும் ரயரின் உட்பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்று சோக்கால் எழுதிவிடுவேன். அடுத்த முறை பின் சில்லுகள் நேரே முன்னுக்கு, முன் சில்லுகள் குறுக்காகப் பின்னுக்கு. அப்படி மாற்றினால்தான் நாலும் ஒன்றாகத் தேயும். ரகோமாவின் நட்டுக்கு 83 அடி இறாத்தல் இறுக்கம், அளவுச் சாவியால். உப்பும் துருவும் பிடித்த அச்சு முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகுதான் றிம்மை ஏற்றுவேன். நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டையும் மீண்டும் ஒருமுறை அதே சாவியால் பிடித்துப் பார்க்கிறேன். போன வருடம் இடது பின் சில்லில் ஒன்று கால் சுற்று இறங்கியது.